பேணல் குழுவுக்குத் தலைமை ஏற்றால் கை வேலையை விட்டுவிட வேண்டுமா?

கேள்வி: காலடிப்பேட்டை வாசகர், 9 நவம்பர் 2024

பதினோரு வருஷமாக ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் மேசை வேலை. கிழிந்த தாள் ஒட்டுவது, ஓலை துடைப்பது, தையல் பிரித்துத் தைப்பது. இப்போது அரிய நூல் பிரிவின் பேணல் குழுவுக்கு என்னையே தலைமையாகப் போடுகிறார்கள். என்னோடு சேர்த்து ஐந்து பேர். "இனிமேல் மேசைப் பக்கம் போகாதே, கையெழுத்துப் போடுவதுதான் உன் வேலை" என்கிறார் பழைய மேலாளர் ஒருவர். அப்படியா? கை மறந்துவிடாதா?

பதில்: 9 நவம்பர் 2024, இரவு

மேசையை விடாதீர்கள். வாரத்தில் அரை நாளாவது உட்காருங்கள். ஆனால் அவர் சொன்னதை முழுக்கத் தள்ளவும் வேண்டாம்.

நான் ராயபுரம். 1856-இல் திறந்த ரயில் நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. எங்கள் அரிய நூல் பிரிவு இருக்கும் பழைய கிடங்கும் நடக்கிற தூரம்தான். பன்னிரண்டு வருஷமாக ஐந்தாறு பேருக்குத் தலைமை. முதல் வருஷம் நான் மேசையை விட்டு எழுந்ததே இல்லை. எல்லாரையும்விட எனக்குக் கை சுத்தம் என்று ஒரு பெருமை. துறைமுக வரைபடம் ஒன்றைத் தொட்டியில் போட்டு மூன்று நாள் கழுவிக்கொண்டிருந்தேன். அந்த மூன்று நாளும் பக்கத்து அறையில் இரண்டு பேர் என்னிடம் ஒரு கேள்வி கேட்கக் காத்திருந்தார்கள். நான் "அப்புறம், அப்புறம்" என்றேன். அவர்களே முடிவெடுத்துப் பழைய பாடநூல் ஒன்றை பைண்டிங்குக்கு அனுப்பிவிட்டார்கள். விளிம்பு பிசிறாக இருக்கிறதென்று கட்டிங் மெஷினில் மூன்று பக்கமும் ஒட்ட வெட்டித் திரும்பி வந்தது. ஓரத்தில் அந்தக் காலத்துத் தமிழாசிரியர் ஒருவர் பென்சிலில் பாடபேதம் குறித்து வைத்திருந்தார். ஒவ்வொரு வரியிலும் பாதிச் சொல் போய்விட்டது. வெட்டிய சீவலை பைண்டிங் கடையில் அன்று மாலையே குப்பையில் கொட்டிவிட்டார்கள்.

எதைத் தொடக் கூடாது என்று சொல்ல அந்த நேரத்தில் ஒரு ஆள் இருந்திருக்க வேண்டும். அந்த ஆள் நான்தான். "இதை வெட்டாதே, கழுவாதே, பெட்டியில் போட்டு வை" என்று எழுதிக் கீழே போடுகிற கையெழுத்து, உங்கள் வேலையில் பெரிய பாதி.

மற்றபடி ஆரம்பத்துக்குச் சில: ஏசியை நிறுத்தாமல் ஓடவிடக் கேளுங்கள். அலமாரிக்கு நாப்தலீன் உருண்டை. ஓலைக்கு வருஷம் ஒரு தரம் எண்ணெய். மீதி அப்புறம்.

10 நவம்பர் 2024

வயதில் மூத்தவர்களை எப்படி வேலை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு ஒரே ஒரு ஆளைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் பைண்டர் அண்ணன் தங்கசாலைப் பக்கத்துப் பட்டறையில் சின்ன வயசிலேயே வேலைக்குச் சேர்ந்தவர். அவர் அப்பாவும் பைண்டர். ஃபாரம், அதாவது அச்சடித்த பெரிய தாள், மடித்துத் தைப்பதில் அவருக்கு இணையாக நான் யாரையும் பார்த்ததில்லை. கூடத்தில் ஊசி விழுந்தால் சத்தத்தை வைத்தே எந்த நம்பர் ஊசி என்பார். ஆனால் பசை காய்ச்சும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடாமல் இருக்க மாட்டார். போட்டால் பசையில் பூச்சி வராது, பூஞ்சை வராது. உண்மைதான். இந்த ஊர்ப் பட்டறை எல்லாவற்றிலும் அதுதான் வழக்கம். ஆவணக் காப்பகங்களிலேயே ஒரு காலத்தில் போட்டிருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால் துத்தத்தில் இருப்பது செம்பு. செம்பு தாளின் நாரை மெல்ல மெல்லத் தின்னும். முதலில் பழுப்பாகும், பிறகு மடித்தால் ஒடியும்.

நான் வேலைக்கு வந்த புதிதில் இதை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "இன்னாம்மா கண்ணு, எங்கப்பா காலத்துலேர்ந்து போட்டுக்கினு வர்றேன், புஸ்தகம் எதுனா செத்தா போச்சு?" என்று கேட்டுவிட்டு ஒரு வாரம் பேசவில்லை. தப்பு என்னுடையது. விஷயம் சரியாக இருந்தால் போதாது, எங்கே வைத்துச் சொல்கிறோம் என்பதும் இருக்கிறது.

பிறகு ஒரு சனிக்கிழமை, யாரும் இல்லாதபோது, அவரே இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கட்டிய ஒரு வால்யூமை எடுத்து மேசையில் வைத்தேன். முதுகுப் பக்கம் பசை பட்ட இடத்தில் ஒரு மூலையை முன்னும் பின்னும் மடிக்கச் சொன்னேன். இரண்டாவது மடிப்பிலேயே கையோடு வந்துவிட்டது. அதே பக்கத்தின் வெளி மூலை பத்து மடிப்பு தாங்கியது. அவர் அந்தத் துண்டை விரல் நடுவில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை துத்தம் டப்பாவைக் காணோம்.

அதோடு முடியவில்லை. ஐப்பசி மழையில் துத்தம் இல்லாத பசை இரண்டே நாளில் பூத்துவிட்டது. "பாத்தியா?" என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். கோதுமை மாவைக் கழுவிப் பிசுக்கை எடுத்துவிட்டு ஸ்டார்ச்சை மட்டும் காய்ச்சி, அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கே செய்வது என்று முடிவாயிற்று. சொன்னது நான், அளவைச் சரிக்கட்டியது அவர். இன்றைக்கும் அந்தப் பசைக்கு அவர் சொல்லும் கணக்குதான் கணக்கு.

14 நவம்பர் 2024

முதல் குறிப்பில் ஏசி, நாப்தலீன் பற்றி அவசரத்தில் எழுதிவிட்டேன். திருத்துகிறேன்.

நாப்தலீன் வேண்டாம். ஏற்கெனவே உள்ளே குடியிருக்கும் பூச்சியை அது கொல்வதில்லை. அந்த அறையில் எட்டு மணி நேரம் உட்காரும் பெண்களுக்குத்தான் தலைவலி. நாங்கள் எடுத்து வருஷங்களாகிவிட்டன. பழைய பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. இப்போது அலமாரிக் காலடியில் ஒட்டு அட்டை வைக்கிறோம். மாதம் ஒரு முறை அதில் ஒட்டியிருப்பதை எண்ணி எழுதுகிறோம். தாளைத் தின்னும் இராமபாணப் பூச்சி எந்த மூலையில் கூடுகிறதோ அங்கே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அந்த மூலைக்குப் பின்னால் குழாய் ஓடும், அல்லது சுவர் ஒழுகும்.

ஏசி: இருபத்து நாலு மணி நேரமும் ஓடும் என்று உங்களுக்கு எழுத்தில் தந்தால் சரி. எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். மாலை ஐந்து மணிக்கு மெயினை அணைத்துவிட்டுப் போனார்கள். பகலெல்லாம் குளிர்ந்து கிடந்த புத்தகத்தின் மேல் ராத்திரி கடல் காற்று படுகிறது. குளிர்ந்த சொம்பின் வெளிப்பக்கம் வேர்க்குமே, அதே கதை. ஒரே பருவத்தில், ஏசிக்கு எதிர்ச் சுவர் அலமாரி முழுக்கச் சாம்பல் பூத்தது போல் பூஞ்சை. சதா 65 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் நின்றாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நம் பக்கம் பல மாதங்கள் 70, 80 சர்வ சாதாரணம். ஏறி இறங்கி ஏறி இறங்கி ஆடுவது அதைவிட மோசம், தாளும் ஓலையும் விரிந்து சுருங்கியே களைத்துப் போகும்.

நாங்கள் கடைசியில் செய்தது: பெரிய ஏசியை நிறுத்தினோம். ஒரே ஒரு சின்ன அறையில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம், ராப்பகலாக. மிக நொய்ந்தவை மட்டும் அங்கே. மற்ற அலமாரிகளை வெளிச்சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்து, மின்விசிறி. நல்ல அட்டைப் பெட்டிக்குள் இருக்கும் நூலுக்கு வெளியே நடக்கும் ஆட்டம் பாதிதான் எட்டும். பெட்டி செய்ய ஆள் கேளுங்கள், ஏசி கேட்பதற்கு முன்னால்.

17 நவம்பர் 2024

ஓலைக்கு வருஷம் ஒரு தரம் எண்ணெய் என்று எழுதியதையும் அடித்துவிடுங்கள். இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார், அவர் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை.

சரஸ்வதி பூஜைக்கு முன்னால் சுவடிக் கட்டெல்லாம் இறக்கி, கயிறு அவிழ்த்து, ஒவ்வொரு ஏடாகத் துடைத்து, புல்தைலம் தடவி, நிழலில் உலர்த்திக் கட்டுவோம். கூடம் முழுக்க எலுமிச்சை வாசம். ஆளுக்கு ஒரு கட்டு, பேச்சு, சிரிப்பு, மதியம் சுண்டல். குழு என்ற ஒன்று எங்களுக்குள் உருவானதே அந்த நாட்களில்தான். அதனால்தான் விட மனசு வரவில்லை.

ஆனால் பத்து வருஷம் தொடர்ந்து தடவிய கட்டுகளைப் பாருங்கள். ஏடு கறுத்து, பிசுபிசுத்து, ஒன்றோடொன்று ஒட்டுகிறது. தூசி அந்தப் பிசுக்கில் படிந்து இறுகிவிடுகிறது. வளைத்தால் ஒடியும் நிலையில் இருக்கும் ஏட்டுக்கு எண்ணெய் தேவைப்படலாம். வளையும் ஏட்டுக்கு எதற்கு? இப்போது விதி இது: எல்லாக் கட்டையும் அவிழ்ப்போம், எல்லா ஏட்டையும் பார்ப்போம், மெல்லிய தூரிகையால் தூசி தட்டுவோம், எண்ணெய் கேட்கிற ஏட்டுக்கு மட்டும் எண்ணெய். போன மாதப் பூஜைக்கு ஒரு கட்டுக்கும் எண்ணெய் போடவில்லை. வாசம் இல்லாமல் கூடம் வெறிச்சென்று இருந்தது. சுண்டல் உண்டு.

எழுத்து மங்கி வாசிக்க முடியாத ஏட்டுக்கு மை பூசுவது வேறு கதை. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்தால், எழுத்தாணி கீறிய பள்ளத்தில் கரி நின்று எழுத்து எழும்பி வரும். ஆனால் முதலில் படம் எடுத்துவிடுங்கள். கீறாமல் தூரிகையால் எழுதிய ஏடு ஒன்றிரண்டு நடுவில் கலந்திருக்கும். அதைத் துடைத்தால் எழுத்தே போய்விடும். புதிதாகச் சேர்ந்தவர்கள் கையில் கட்டைக் கொடுக்கும் முன் நீங்களே ஒரு முறை புரட்டிப் பாருங்கள்.

24 நவம்பர் 2024

வெள்ளம் பற்றிக் கேட்டவருக்கு.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். தரைத்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். கீழ்த்தட்டு இரண்டு வரிசை முழுகிவிட்டது. ஐந்தாம் தேதி மாலைதான் உள்ளே போக முடிந்தது. கரண்ட் இல்லை. நனைந்த தாளுக்கு 48 மணி நேரம்தான் கெடு, அதற்குள் உலர வேண்டும் அல்லது உறைய வேண்டும். இல்லையென்றால் பூஞ்சை. கெடுவில் பாதிக்கு மேல் ஏற்கெனவே போய்விட்டது.

ஆறாம் தேதி காலை எல்லாருக்கும் போன் போட்டேன். வர முடிந்தவர்கள் வந்தார்கள். பளபளப்பான ஆர்ட் பேப்பர் நூல்களை முதலில் பிரிக்கச் சொன்னேன். அது ஈரத்தோடு காய்ந்தால் செங்கல் மாதிரி ஒட்டிக்கொள்ளும், பிறகு தெய்வம் வந்தாலும் பிரிக்க முடியாது. மற்றவற்றுக்குப் பத்துப் பக்கத்துக்கு ஒரு பிளாட்டிங் பேப்பர், ஈரம் உறிஞ்சும் தாள். அது தீர்ந்ததும் அச்சிடாத நியூஸ் பிரிண்ட். அதுவும் தீர்ந்ததும் அவரவர் வீட்டுப் பழைய பருத்திப் புடவை. மாடிப் படியிலெல்லாம் புத்தகத்தை விசிறி மாதிரி விரித்து நிறுத்தினோம். பெரும்பாலானவை பிழைத்தன. ஆர்ட் பேப்பரில் பதினொன்று போய்விட்டன.

நான் சொல்ல வந்தது இதையல்ல. எங்களோடு ஒப்பந்தத்தில் இருந்த ஒரு பெண் எண்ணூர்ப் பக்கம். அந்த வாரம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து அங்கே வீடுகளுக்குள் புகுந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். நான் போன் போட்டபோது "வந்துர்றேங்க்கா" என்றாள். வந்தாள். ராத்திரி எட்டு மணி வரை தாளுக்குத் தாள் பிளாட்டிங் வைத்தாள். கணுக்காலுக்கு மேல் கறுப்பாகக் கோடு போட்டது போல் இருந்தது. சேறு என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் இன்னொருத்தி சொன்னாள், இவள் வீட்டுக்குள் எண்ணெய், பாத்திரம் பண்டமெல்லாம் போச்சு, அம்மாவைப் பக்கத்துத் தெருவில் விட்டுவிட்டு வேலைக்கு வந்திருக்கிறாள் என்று. ஒப்பந்த வேலை, மறுத்தால் போய்விடுமோ என்ற பயம். நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் வாயில் புத்தகம் புத்தகம் என்றுதான் வந்தது.

அவள் இப்போதும் எங்களோடுதான் இருக்கிறாள். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்கள் பட்டியலை அவளை வைத்துத்தான் திருத்தி எழுதினேன். அதில் முதல் கேள்வி: உன் வீட்டில் தண்ணீரா? ஆம் என்றால் அடுத்த பெயருக்குப் போய்விட வேண்டும். அன்றைய கூலி அவளுக்கு உண்டு. இந்த இரண்டாவது வரிக்கு நிர்வாகத்தின் ஒப்புதல் வாங்க ஏழு மாதம் அலைந்தேன். நீங்கள் தலைமைக்குப் போனதும் இதை மழைக்கு முன்னால் வாங்கிவிடுங்கள்.

30 நவம்பர் 2024

ஃபெஞ்சல் புயல். காலையிலிருந்து கொட்டுகிறது. கீழ்த்தட்டு இரண்டும் போன வருஷத்திலிருந்தே காலி. வாசலில் மணல் மூட்டை. அப்புறம் எழுதுகிறேன்.

2 டிசம்பர் 2024

நம் பக்கம் தப்பித்தது, புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறிவிட்டது. கிடங்குக்குள் ஒரு சொட்டு இல்லை.

"உறைய வைப்பது என்றீர்களே, எங்கே?" என்ற கேள்விக்கு: காசிமேட்டில். எங்கள் வீட்டுப் பக்கத்தில் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது, இது எனக்குத் தோன்றப் பதினொரு வருஷம் ஆயிற்று! தோன்றியதுகூட எனக்கில்லை, பைண்டர் அண்ணனுக்கு. "எறாவ மாசக்கணக்குல வச்சிருக்கான், நம்ம புஸ்தகத்த ஒரு வாரம் வெக்க மாட்டானா?" என்றார்.

விசாரித்ததில் தெரிந்தது: ஐஸ் பார் போடும் பட்டறை உதவாது. ஏற்றுமதி இறாலை வைக்கிற குளிர்கிடங்குதான் வேண்டும், அங்கே மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே போகும். நனைந்த நூலைத் தனித்தனியாக பாலிதீனில் சுற்றி, பிளாஸ்டிக் பெட்டியில் முதுகு கீழே வைத்து அடுக்கினால், மீன் வாடை ஏறாது. உறைந்துவிட்டால் பூஞ்சை நின்ற இடத்தில் நிற்கும். ஆள், இடம், பிளாட்டிங் பேப்பர் எல்லாம் சேர்த்துக்கொண்டு பத்துப் பத்தாக எடுத்து உலர்த்தலாம். ஒரு கிடங்குக்காரர் மூலை ஒன்று தருவதாக ஒத்துக்கொண்டார். வாடகை பேசினேன். "சரஸ்வதிக்கு எதுக்கும்மா வாடகை" என்றார். இலவசம் வேண்டாம் என்று பில் போட வைத்தேன். அவர் மனசு மாறினாலும் அடுத்த வருஷம் காகிதம் நிற்கும்.

15 டிசம்பர் 2024

"எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டால் மூலத்தை இவ்வளவு பாடுபட்டுக் காப்பானேன்?" என்று ஒருவர். இந்தக் கேள்விக்கு எனக்குக் கோபம் வரும். அதனால் பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

ஸ்கேன் வேண்டும். நொய்ந்ததை ஒரு முறை திறந்து படம் எடுத்துவிட்டால் நூறு முறை திறக்க வேண்டியதில்லை. ஆனால் எங்களிடம் குஜிலிப் பாட்டுப் புத்தகங்கள் ஒரு பெட்டி இருக்கின்றன. காலணா, அரையணாவுக்குத் தெருவில் கூவி விற்றவை. கொலைச்சிந்து, ரயில் பாட்டு, வெள்ளச் சிந்து. மட்டமான தாள், நடுவில் இரண்டு கம்பிப் பின். நம் உப்புக் காற்றில் அந்தப் பின் துருவேறித் தாளையும் துளைத்துவிட்டது. ஸ்கேனில் அது ஒரு பழுப்புப் புள்ளி. கையில் எடுத்தால்தான் தெரியும், துருவுக்கு அடியில் பழைய நூல் தையல் ஓட்டை இருக்கிறது, யாரோ வாங்கியவர் நாலைந்து பாட்டைச் சேர்த்துத் தைத்து வைத்திருந்திருக்கிறார். எந்தப் பாட்டோடு எந்தப் பாட்டைச் சேர்த்தார்கள் என்பது அந்த ஓட்டைகளில்தான் இருக்கிறது.

ஒரு ஆச்சரியம் சொல்கிறேன். 1850-களின் நூல்கள் பல இன்னும் திடமாக இருக்கின்றன. கந்தல் துணிக்கூழில் செய்த தாள். 1940-களின் நூல்கள் அப்பளம். மரக்கூழ், படிகாரம், உள்ளேயே அமிலம். அதனால் "பழசுக்கு முதலிடம்" என்று வரிசை போடாதீர்கள். நான் மூன்று வருஷம் அப்படிப் போட்டு, அந்த மூன்று வருஷத்தில் பிந்தியவை கையிலேயே உதிர்ந்தன. இப்போது எங்கள் வரிசையில் முதல் வேலை துருவேறிய கம்பிப் பின்னை எடுப்பது. எளிய வேலை, புதியவர்களும் செய்யலாம், ஒரு நாளில் நாற்பது ஐம்பது நூல் பிழைக்கும்.

இன்னொன்று. 1921-இல் பெரம்பூர் பக்கம் பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) துணி மில் வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நடந்தது. அந்தக் காலத் துண்டறிக்கைகள் சில எங்களிடம் உண்டு. புளியந்தோப்பிலிருந்து வயதானவர் ஒருவர் வந்தார், தாத்தா அந்த மில்லில் நெசவாளி என்றார், பார்க்க வேண்டும் என்றார். நொய்ந்தது, தர முடியாது, படம் இருக்கிறது என்று கணினியைக் காட்டினேன். பார்த்தார், தலையாட்டினார், போய்விட்டார். எனக்கு அன்றிரவு தூக்கமில்லை. இரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக உட்கார்ந்தவர், அவருடைய முதல் விதியே நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. அந்த விதியைப் பாடமாகப் படித்துவிட்டுத்தான் நான் கணினியைக் காட்டினேன். பாலியஸ்டர் உறைக்குள் போட்டு இரு ஓரம் ஒட்டி வைத்தால் துண்டறிக்கையைக் கையில் கொடுக்கலாம், ஒன்றும் ஆகாது. அரை மணி நேர வேலை. அடுத்த வாரம் செய்து வைத்தோம். அவர் விலாசம் வருகைப் பதிவேட்டில் இருந்தது, கடிதம் போட்டேன். பேத்தியோடு வந்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், வெறும் தாள்தான். அதையும் ரொம்ப நேரம் பார்த்தார்.

19 ஜனவரி 2025

பொங்கல் கழிந்து பொறுப்பேற்றுவிட்டீர்கள் என்று படித்தேன். முதல் வாரமே பழைய லேமினேஷன் போட்ட ஆவணக் கட்டு ஒன்று கிடைத்து, புளித்த வாடை அடிக்கிறது, என்ன செய்திருக்கிறார்கள் என்று ஒரு எழுத்தும் இல்லை என்கிறீர்கள்.

அது செல்லுலோஸ் அசிடேட். ஒரு காலத்தில் அதுதான் சிறந்த முறை. போட்டவர்கள் அக்கறையோடுதான் போட்டார்கள். அது கெடும்போது வினிகர் அமிலம் வெளிவரும், அந்த வாடைதான். மற்ற கட்டுகளிலிருந்து உடனே தனியே எடுத்து வையுங்கள். அசிட்டோனில் பிரிக்கலாம், ஆனால் மை கரைகிறதா என்று ஒரு மூலையில் சோதிக்காமல் யாரையும் தொடவிடாதீர்கள். நீங்களும் தொடாதீர்கள், கை துறுதுறுக்கும்.

அதற்கு முன்னால் ஒரு நோட்டுப் போடுங்கள். எந்தத் தாள், என்ன பசை, எத்தனை சொட்டு எண்ணெய், யார் கை, என்ன தேதி. செய்ய வேண்டாம் என்று முடிவெடுத்ததையும் காரணத்தோடு. கீழே உங்கள் பெயர். தப்பானாலும் செய்த பிள்ளை பெயருக்கு மேல் உங்கள் பெயர் இருக்க வேண்டும், அப்போதுதான் அடுத்த தடவை உண்மையை எழுதுவார்கள். எங்கள் பைண்டர் அண்ணன் எழுத மாட்டேன் என்றார், எண்ணூர்ப் பெண் அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். இப்போது அவள் எழுதியதில் அவர் பிழை பார்க்கிறார்.

சனிக்கிழமை வாருங்கள், எங்கள் நோட்டைக் காட்டுகிறேன். காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறி வண்ணாரப்பேட்டையில் இறங்கிவிட்டு போன் செய்யுங்கள். அந்தக் கட்டிலிருந்து ஒரு தாளைக்கூட எடுத்து வராதீர்கள், படம் போதும். வரும் முன் கிழிசல் ஒட்டும் ஜப்பான் டிஷ்யூவும் பிளாட்டிங் பேப்பரும் இருப்பு எவ்வளவு என்று எண்ணி எழுதி வாருங்கள். மார்ச் 31-க்குள் பில் ஆகவில்லை என்றால் பணம் திரும்பிவிடும், பொருள் கேட்கும் இண்டெண்ட்டை அன்றைக்கே உட்கார்ந்து போட்டுவிடலாம்.